நீ கவிழ்த்து வைத்த பூக்கூடை

ஜயா,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. நாளைக்கு ஆபீஸுக்குப் போகும் வழியில் அப்பா தாதரில் இறங்கி, உன் ஹாஸ்டல் வாசலில் இதைக் கொடுத்துவிட்டுப் போவார். வண்டியில் அவர் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், அவருக்கும் தெரிய வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது. ஹாஸ்டல் வார்டன் படித்தாலும் சரிதான். "இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று தொடங்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இவ்விடமும் க்ஷேமம் இல்லை, அவ்விடமும் இல்லை. முதல் வரியிலேயே பொய் சொன்னால் மூன்றாவது வரிக்கு நீ வரமாட்டாய். ஆகவே க்ஷேமத்தை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ டில்லிக்கு ரயில் ஏறுகிறாய், சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட் உத்தியோகம் என்று போன வாரம்தான் அப்பா சொன்னார். செம்பூரில் உன் புருஷன் வீட்டை விட்டு நீ வெளியே வந்து அப்போதே பதினேழு நாளாகியிருந்தது. அதையும் அப்போதுதான் சொன்னார். நீ இருக்கிற தாதருக்கும் நம் மாதுங்காவுக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது. தூங்கிப்போனால்கூடத் தவறவிட முடியாத தூரம். நீ வரவில்லை. பதினேழு நாளும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, இட்லிக்கு மிளகாய்ப்பொடி கேட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார். "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "அவ சொல்ல வேண்டாம்னுட்டா" என்றார். "ஏனாம்?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார். "அம்மா சிரிப்பா, வேண்டாம்னா."

நான் அப்போதும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், ஜயா. பழக்கம். ஏதாவது எதிர்ப்பேச்சு வரும் என்று அப்பாவும் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து இன்று வரைக்கும் இந்த வீட்டில் அவர் பேசுகிறார், நான் கேட்கிறேன். கீழ் வீட்டு அலமேலு மாமி எனக்கு ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பதினாலு வயதில் கல்யாணம், பதினாறில் நீ. இந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்த புதிதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி இறங்குவேன். என் வயது பதினாறிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் வந்த வயதையெல்லாம் உன் தலையில் ஏற்றிவிட்டேன். நாம் அம்மாவும் பெண்ணுமாக இருந்ததைவிடக் கூட்டுக் களவாணிகளாக இருந்ததுதான் அதிகம். யுத்த காலத்தில், உனக்குப் பன்னிரண்டு வயது, காபிக்கொட்டைக்குக் கட்டிடமே தவித்துக்கொண்டிருந்தபோது நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே போய் அலமேலு மாமியின் காதில் ஓதினாய்: "மாமி, ரேஷன் கடையில காபிக்கொட்டை இறங்கறதாம். முதல்ல வர்றவாளுக்குத்தானாம்." ஐந்து நிமிஷத்தில் எட்டு மாமிகள் எட்டுப் பைகளோடு உச்சி வெயிலில் ஓடினார்கள். நாம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறச் சிரித்தோம். திரும்பி வந்த அலமேலு மாமி நேரே மாடி ஏறி வந்தாள். "கொட்டை வந்துதா மாமி?" என்று நான் கேட்டேன். "வரலை. உங்க ரெண்டு பேர் பல்லையும் தட்டி, வறுத்து, அரைச்சுக் குடிக்கலாம்னு வந்தேன்" என்றாள். பிறகு அவளும் உட்கார்ந்து சிரித்து, நம் வீட்டுச் சிக்கரித் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கம் வருவது வேறொரு நாளை நினைத்தால். ஊரில் என் அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்தது. உனக்கு ஒன்பது வயது. "தாத்தா டிக்கெட் வாங்காமலே கிளம்பிட்டார்டி" என்றேன். நீ என் முகத்தை உற்றுப் பார்த்தாய், இதற்குச் சிரிக்கலாமா, கூடாதா என்று. நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். பிறகு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதது உனக்குத் தெரியாது. நிஜத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஒரு கோமாளிக் குல்லாய் போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கு நீ கற்றுக்கொண்டாய். வாத்தியார் நான்தான்.

இப்போது அந்த ரஜாய் விஷயத்துக்கு வருகிறேன். சுதந்திரம் வந்த வருஷம் அப்பா கம்பெனியின் துரை ஊருக்குக் கிளம்பினார். துரைசாணி வீட்டுச் சாமான்களை ஆபீஸ்காரர்களுக்குப் பங்கு போட்டாள். ஹெட் கிளார்க் ஐயங்காருக்கு மீன் பரிமாறுகிற வெள்ளித்தட்டு கிடைத்தது, பாவம். நமக்கு ஓர் அட்டைப்பெட்டி. மூடியில் கலர் படம்: ஒரு கட்டில், அதன்மேல் ஒரு மெத்தை விரிப்பு, விரிப்பின் நடுவில் ஒரு கூடை, கூடைக்குள் பன்னிரண்டு பூ, ஒவ்வொன்றும் பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு நிற்கிற பெண் மாதிரி விறைப்பாக. "இதுக்கு க்வில்ட்னு பேர்" என்றார் அப்பா. "பேரே வழுக்கறதே, இங்கே குளிருக்குப் போத்திக்கற ரஜாய்தானே?" என்றேன் நான். திறந்து பார்த்தால் ரஜாய் இல்லை, ரஜாய்க்கு வேண்டிய துண்டுகள். பெரிய வெள்ளைத் துணி ஒன்று, அதில் எந்தப் பூ எங்கே உட்கார வேண்டும் என்று நீலப் புள்ளிகளால் கோடு. இதழ் இதழாக வெட்டி நம்பர் போட்ட ரோஸ், மஞ்சள், ஊதாத் துணிகள். கூடைக்குப் பழுப்பு. ஓரத்தில் வைத்துத் தைக்க நீல ரிப்பன் ஒரு சுருள். எப்படித் தைப்பது என்று இங்கிலீஷில் ஒரு சின்னப் புஸ்தகம். துணிக்குக் கூப்பன் வாங்கிக் கியூவில் நின்ற காலம் அது. பெட்டியைத் திறந்தபோது புதுத்துணி வாசனை அடித்ததும் நாம் இரண்டு பேரும் மாறி மாறி மூக்கை நுழைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

புஸ்தகத்தை நீ ஒரு தடவை படித்தாய். "எல்லாத்தையும் இவாளே தீர்மானம் பண்ணிட்டா, நமக்கு என்ன வேலை? கூலியா?" என்று அதை மூடிவிட்டாய். தினம் மத்தியானம் டைப்பிங் கிளாஸ் முடிந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாய். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நடுவில் கூடை தலைகீழாகக் கிடக்கிறது. பூவெல்லாம் அதிலிருந்து கொட்டி, நீலப் புள்ளியை லட்சியம் பண்ணாமல், மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருக்கிறது. பழுப்புத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, யுத்தத்தின்போது அப்பா விமானத் தாக்குதல் காவலுக்குப் போட்டுக்கொண்டு போன காக்கிச் சட்டையை வெட்டிக் கூடை பண்ணியிருந்தாய். "காக்கியில கூடையாடி?" என்றேன். "பூவை அரெஸ்ட் பண்ணி வச்சிருந்ததும்மா. இப்ப ஜாமீன்ல விட்டாச்சு" என்றாய். நான் சிரித்தேன். அது நல்ல சிரிப்பு. அந்த ஒரு சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

கடைசியில் ஒரு மஞ்சள் பூ. ஐந்து இதழ். இரண்டு இதழ் ரஜாய்க்குள், மூன்று இதழ் விளிம்பைத் தாண்டி வெளியே. அடியிலே உள்துணி கொடுத்து, நடுவே பஞ்சு வைத்து, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி பண்ணியிருந்தாய். "நன்னாத்தான் இருக்கு. ஓரத்துக்குப் பட்டி எப்படிடி போடுவே? நேரா வந்துண்டிருக்கற ரிப்பன் இங்கே வந்து முட்டிண்டு நிக்குமே?" என்று கேட்டேன். "பூவைச் சுத்திண்டு போகும்." "ரிப்பன் வளையாதுடி அசடே, சுருக்கம் சுருக்கமா நிக்கும்." உடனே என் கைக்குட்டையைப் பிடுங்கினாய். நேராக இழுத்துக் காட்டினாய், கொடுக்கவில்லை. மூலைக்கு மூலை பிடித்து இழுத்தாய், ரப்பர் மாதிரி நீண்டது. "துணியைக் குறுக்கே வெட்டிப் பட்டி எடுத்தா எந்த வளைவுக்கும் வளையும். ஒரு கெஜம் போறும்மா." நான், "கூப்பன் துணியைக் குறுக்கே வெட்டுவாளோ? பாதி மூலையிலேயே வீணாப் போயிடும்" என்றேன். நீ விடவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஓரம் கட்டாமல், பூ நீட்டிக்கொண்டு, அப்படியே மடித்து என் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

தை மாதம் செம்பூரிலிருந்து ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பாட்டுக் கேட்பார்கள், பிறகு கைவேலை காட்டச் சொல்வார்கள், நம்மவர்களில் அப்படித்தானே? அலமேலு மாமி பெண் தைத்த பச்சைக்கிளி மேஜை விரிப்பு இந்தத் தெருவில் ஐந்து வீட்டுக்கு இரவல் போய் ஐந்து பெண்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தது. நீயே சொல்வாய், "அந்தக் கிளிக்குத்தான் இன்னும் வரன் அமையலை." உனக்குப் பாட்டு வராது, நீ பாடினால் பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துவார்கள். ஆகவே கைவேலைதான் கதி என்று எனக்குத் தோன்றியது. இரவல் கிளி எதற்கு, நம்மிடம் துரைசாணி ரஜாய் இருக்கிறதே. ஆனால் கவிழ்ந்த கூடையைப் பார்த்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பூவை அள்ளிக் கொட்டுகிற பெண் குடும்பத்தையும் கொட்டிவிடுவாள் என்று நினைத்தால்?

நீ கிளாஸுக்குப் போன நாலு மத்தியானங்கள். பிளேடு முனையால் உன் தையலைப் பிரித்தேன். அவ்வளவு சின்னத் தையல், ஜயா, இவ்வளவு பொறுமை உனக்கு இருந்தது என்பதே பிரிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. காக்கியை எடுத்துவிட்டுப் பழுப்பை வைத்தேன். கூடையை நிமிர்த்தினேன். நீ துவைக்காமல் வைத்திருந்ததால் நீலப் புள்ளி அழியவில்லை. எது எது எங்கே என்று அது சொல்லச் சொல்ல, ஓடிப்போன பூவையெல்லாம் பிடித்துக் கூடைக்குள் உட்கார்த்தி வைத்தேன். விளிம்பில் இருந்த மஞ்சள் பூவை மட்டும் பிரிக்க வரவில்லை. மூன்று அடுக்காக, பின்தையல் போட்டுக் கெட்டியாகத் தைத்திருந்தாய். நேரமும் இல்லை. கத்திரிக்கோலை விளிம்போடு வைத்து ஒரே ஓட்டம். மூன்று இதழும் கீழே விழுந்தன. பெருக்கி அள்ளினேன். மேலே நீல ரிப்பனை வைத்து நேராகத் தைத்தேன், உள்ளே மிச்சம் இருந்த இரண்டு இதழ் மேல், மிச்ச ரோஸ் துணியில் ஒரு பூ வெட்டி வைத்து மூடினேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். விளையாட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹாலில் நீ திடுக்கிட்டுப் பார்ப்பாய், நான் கண்ணடிப்பேன், வந்தவர்கள் போனபின் இரண்டு பேரும் சிரிப்போம், அப்புறம் சௌகரியம்போல மறுபடி கவிழ்த்துக்கொள்ளலாம் என்று. வெட்டியது மறுபடி ஒட்டாது என்பது எனக்குத் தெரியாதா? கத்திரியை எடுத்தபோதே தெரியும்.

பெண் பார்க்க அவர்கள் வந்த அன்றைக்குப் பஜ்ஜித் தட்டோடு நீ வந்தாய். நாற்காலிமேல் விரித்திருந்ததைப் பார்த்தாய். ஒரு வினாடி நின்றாய், தட்டு கொஞ்சம் சாய்ந்தது. உன் மாமியாராகப் போகிறவள் பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரஜாயையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியே படத்துல இருக்காப்பல போட்டிருக்காளே! இப்படித்தான் இருக்கணும். சொன்னதைச் சொன்னபடி செய்யற பொண்ணு கிடைக்கறது இந்தக் காலத்துல துர்லபம். ஏண்டி கொழந்தே, முழுக்க நீயே தச்சியா?" நீ என்னைப் பார்க்கவில்லை. அவளை நேராகப் பார்த்து, "இல்லே மாமி. நான் தச்சதை அம்மா பிரிச்சுட்டா. இது அம்மா தச்சது" என்றாய்.

மாப்பிள்ளை காபியைக் கீழே வைத்தார். அந்த இடத்தில் எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல இருந்தது, "ஆமாம்." நான் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். "பாத்தேளா மாமி, இவளுக்கு எப்பவும் இதே விளையாட்டு! ஆத்துல நான் வெந்நீர் போட்டாக்கூட, அம்மா ஐஸ் வச்சிருக்கான்னு சொல்லுவா." எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். உன் பேரில் ஊருக்குள் இருந்த குறும்புக்காரி என்ற பட்டத்தை எடுத்து உன் வாயிலேயே அடைத்தேன். ரஜாயைப் பிரித்ததைவிட, பூவை வெட்டினதைவிட, இதுதான் நான் உனக்குச் செய்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு அந்த இடம் வேண்டாம்மா" என்றாய். "ஏன், செம்பூர்ல கொசு ஜாஸ்தியோ?" என்றேன். அப்பா சிரித்தார். நீயும், கடைசியில், சிரித்துவிட்டாய். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வைகாசியில் முகூர்த்தம் வைத்தோம். ரஜாயை உன் பெட்டிக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து அனுப்பினேன்.

தலை தீபாவளிக்கு வந்தாய். மாப்பிள்ளை ஹாலில் புது வேஷ்டியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீ அடுப்பண்டை வந்து எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தாய். இடது கன்னத்தில் வீக்கம், மஞ்சள் பூசியும் மறையவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, நம் பாஷையிலேயே, லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இதுவும் கைவேலைதாம்மா. அவரோடது." நான் சிரித்தேன். "பலே, படத்துல இருக்காப்பல இருக்கே" என்று வேறு சொன்னேன். புரியாமல் சிரிக்கவில்லை, ஜயா. புரிந்தது. நன்றாகப் புரிந்தது, அதனால்தான் சிரித்தேன். புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்குப் போக வேண்டும், அந்தப் பேப்பரைப் பிடுங்க வேண்டும், உன்னைத் திருப்பி அனுப்பமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்பா என்ன சொல்வார், கட்டிடம் என்ன சொல்லும், பட்சணம் தீய்ந்துபோகும். சிரித்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். நீ துருவிய தேங்காயை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாய். அதற்கப்புறம் என்னிடம் நீ ஹாஸ்யமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிம்மா", "ஆகட்டும்மா", "வரேம்மா." அவ்வளவுதான். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அலமேலு மாமியிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

இந்த மாதிரிக் கடிதத்தில் பெற்றவள் புத்திமதி சொல்ல வேண்டும். நிஜம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்லாதே என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நீ சிரிக்காமலும் சொல்லிப் பார்த்தாய், நாலு பேருக்கு நடுவில், நேராக. சொன்ன விதத்தில் ஒரு கோளாறும் இல்லை. கேட்டவள் சரியில்லை. ஆகவே புத்திமதி வேண்டாம். நான் என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

உன் டைப்பிங் சர்டிபிகேட்டைச் செம்பூரில் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், அது இல்லாமல் டில்லியில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள், அப்பா இரண்டு தடவை போய் வெறும் கையோடு திரும்பினார் என்று தெரிந்ததும் திங்கட்கிழமை நான் போனேன். குர்லாவில் வண்டி மாறி, ஒன்பது மணி வெயிலில் நடந்து. உன் மாமியார் மோர் கொடுத்தாள். "வாங்கோ, பொண்ணு பண்ணின காரியத்தைப் பாத்தேளோ?" என்று ஆரம்பித்தாள். நான் சொன்னேன்: "மாமி, அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ அவ சொன்னது நெஜம். அவ தச்சதை நான்தான் பிரிச்சேன். அவ அப்படிச் சொன்னபடி செய்யற பொண்ணே இல்லை. உங்களை ஏமாத்தினது நான்." அவள் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். "உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் எப்பவும் விளையாட்டுதான்" என்றாள். எனக்கு வேண்டியதுதான். நிஜத்தைச் சொல்லி அதற்கு எதிராளி சிரித்தால் எப்படி இருக்கும் என்று முப்பத்துநாலு வயதில் முதல் தடவையாகத் தெரிந்தது. உனக்குப் பதினேழிலேயே தெரிந்துவிட்டது.

"சர்டிபிகேட்டைக் குடுங்கோ" என்றேன். "அவன் ஆபீஸ்லேர்ந்து வரட்டும்." "வந்தப்புறம் எனக்கு அவரோட பேச வேற விஷயம் இருக்கு. தலை தீபாவளிக்கு அவர் என் பொண்ணு கன்னத்துல வச்ச சீரைப் பத்தி. உங்க வாசப்படியிலயே உக்காந்துக்கறேன். போற வரவாகிட்டயும் அதையே பேசிண்டிருக்கேன், பொழுது போகும்." "விளையாடாதேங்கோ மாமி." "என் மூஞ்சியைப் பாருங்கோ. நான் சிரிக்கறேனா?" பார்த்தாள். நிஜமாகவே குனிந்து பார்த்தாள். பிறகு இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலின்மேல் அந்த ரஜாய் விரித்திருந்தது. அதையும் சுருட்டி எடுத்துக்கொண்டேன். "அது எங்களுக்கு வந்ததுன்னா?" என்றாள். "துவைச்சுக் கொண்டு வரேன்" என்றேன். பொய்தான். அந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுக்கொடு.

ரஜாயைப் பிரித்துப் போட்டேன். நீலப் புள்ளிகள் செம்பூர்ச் சலவையில் போய்விட்டன. ஆனால் நீ முதலில் ஊசி போட்ட துளைகள் வெள்ளைத் துணியில் அப்படியே இருக்கின்றன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கவிழ்ந்த கூடையும் ஓடுகிற பூக்களும் பொட்டுப் பொட்டாகத் தெரிகின்றன. அந்தத் துளைகளில் ஊசியை விட்டே பதினோரு பூவை நீ வைத்த இடத்தில் வைத்துவிட்டேன். காக்கி கந்தல் மூட்டையில் கிடைத்தது, கூடையையும் கவிழ்த்துவிட்டேன். பிறகு ஓரம். நேர் ரிப்பனை எடுத்து எறிந்துவிட்டு, நான் வீட்டில் கட்டுகிற ஊதாப் புடவையைக் குறுக்கே வெட்டினேன். மூலையில் வீணாகத்தான் போயிற்று, போகட்டும். நீ சொன்னது சரி, அது வளைகிறது. எப்படி என்று எழுதுகிறேன், உனக்கு வேண்டியிருக்கும். பட்டியை முதலில் மேல்பக்கம் வைத்து ஓடுதையல் போடு. மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னாலேயே ஊசியை நிறுத்து, பட்டியை மேலே மடித்துத் திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கம் தொடங்கு, மூலை கத்தி முனையாக நிற்கும். எல்லாம் சுற்றி வந்தபின் பின்பக்கம் மடித்து, முன்னால் தெரியாமல் சின்னத் தையலாகப் பிடி. வளைவில் இழுக்காதே, அது தானாகப் போகிற போக்கில் விடு.

மூன்று பக்கம் முடித்துவிட்டேன். நாலாவது பக்கத்தில் கை வைக்கவில்லை. அங்கே வெட்டுப்பட்ட இரண்டு இதழ் இருக்கிறது, மேலே மூடியிருந்த ரோஸ் பூவை எடுத்துவிட்டேன். பெட்டியில் மஞ்சள் துணி மிச்சம் இல்லை. மார்க்கெட்டில் அதே மாதிரி மஞ்சளை வாங்கி மூன்று இதழ் வெட்டி ஒட்டுப்போட எனக்குத் தெரியும், கையும் துருதுருத்தது. போட்டால் அது நான் திருத்தின பூவாகிவிடும். உன் ரஜாயில் மறுபடி என் கை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மிச்சப் பட்டியும் ஊசியும் நூலும் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை நேராக மூடுவாயோ, வேறு பூ வைப்பாயோ, நூல் பிரிய அப்படியே விடுவாயோ, டில்லிக் குளிரில் யாராவது கொடேன் என்று கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவாயோ, உன் பாடு. கேட்கமாட்டேன்.

சர்டிபிகேட் இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது, மடிக்காமல் வைத்திருக்கிறேன். ரஜாய் மூட்டை அப்பா கையில். அவரைத் திட்டாதே, உன் ரகசியத்தைப் பதினேழு நாள் வைத்திருந்தவர், பதினெட்டாவது நாள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா டெர்மினஸுக்கு அப்பா வருவார். நான் வரட்டுமா? பழைய நான் கேட்கமாட்டேன். முன்னாலேயே போய் உன் பெட்டியில் ஏறி, உன் சீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்து, நீ வந்ததும் "டிக்கெட், டிக்கெட்" என்று குரல் மாற்றிக் கத்தியிருப்பேன். இப்போது கேட்கிறேன். நீ எதைச் சொன்னாலும் அதற்குள் வேறொன்று இருப்பதாக நானே வைத்துக்கொண்டு எனக்குச் சௌகரியமானதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன், வேண்டாம் என்றால்கூட. அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வா என்றால் வருகிறேன், வந்து ஓரமாக நிற்கிறேன், பேச்சு வராவிட்டால் பேசாமல் நிற்கிறேன். வராதே என்றால் வரமாட்டேன், ஜயா. வீட்டில் இருந்துகொண்டு, என் பெண் வராதே என்றாள், வராதே என்றுதான் அர்த்தம், என்று இருப்பேன்.

அம்மா